களவெட்டிக்கு வந்த பொலிஸ்

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்று எங்களூரில் ஒரு கதை உலாவியது. அதைக் கிளப்பியவன் நான். பரப்பியது என் உம்மா. எழுபதுகளின் கடைசியில் மாத்தளையில் ஒரு புடைவைக் கடையில் கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டு, பெல்பொட்டம் காற்சட்டையும் குதி உயர்ந்த சப்பாத்துமாக நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். அந்தக் காற்சட்டையைப் பார்த்தவர்களுக்கு, இவ்வளவு துணியைக் காலில் சுற்றிக்கொண்டு வந்தவனுக்குச் சிங்களம் தெரியாமலா இருக்கும் என்று பட்டிருக்க வேண்டும்.

உண்மையில் எனக்குத் தெரிந்திருந்தது கடை வாசல் சிங்களம். "உள்ளே வாங்க, எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, சும்மா பாருங்க." "ஆறுதலாகப் பார்த்து எடுங்க." "சாயம் போகாது." "இதுக்கும் கீழே இறங்கினால் முதலாளி என்னை வெட்டுவார்." இவற்றை நான் தண்ணீர்பட்ட பாடாகச் சொல்வேன். இவற்றுக்கு வெளியே எவராவது பதில் சொன்னால் சிரிப்பேன். கடையில் அது போதுமாக இருந்தது.

ஊரில் தேநீர்க் கடை ரேடியோவில் சிங்களச் செய்தி போனால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் நெற்றியைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நெல் விலை கூடும் போல இரிக்கி" என்பேன். சில நாட்களில் "மழை வருமாம்" என்பேன். இரண்டில் ஒன்று எப்படியும் நடந்துவிடும். என் மதிப்பும் கூடிக்கொண்டே போனது.

இனி மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், மாப்பிள்ளை. எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே அவரும் நானும் ஒரே வளவில் இருந்தோம். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். மூத்தவர் என்ற மரியாதைக்கு நான் 'ங்க' சேர்ப்பேன். அவர் எனக்கு 'டா' சேர்ப்பார்.

மாவடிப்பள்ளிக்கு அங்கால் உள்ள வயல் வட்டையில் அவருக்குக் கொஞ்சம் காணி இருந்தது. அவ்வளவு கதைக்காத ஒரு மனுசனை நான் கண்டதில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் "உப்பு" என்பார். சில நாட்களில் அதையும் கையால் காட்டிவிடுவார். அப்படிப்பட்டவர் அந்த வருட வேளாண்மை வெட்டோடு கதைக்கத் தொடங்கினார். முதலில் எங்களுக்குச் சந்தோசம். உம்மா, "என்ட மருமகனுக்கு வாய் தொறந்திட்டு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்தார். பிறகு பார்த்தால் அந்த வாய் மூடவில்லை. கிணற்றோடு கதைத்தார், சைக்கிளோடு கதைத்தார், விடிய விடிய முற்றத்தில் நடந்துகொண்டு காற்றோடு கதைத்தார். நித்திரை என்பதே அவரை விட்டுப் போய்விட்டது.

இந்த நோய் அவருக்கு முன்பும் ஒருமுறை வந்தது. அப்போது ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்துச் சுகப்படுத்தினார்கள். ஆனால் குளிசை போட்டால் வயல் காவலில் தூங்கிவிடுகிறார், பன்றி வந்து கதிரை உழுதுவிட்டுப் போகிறது. அதனால் மனுசன் தானாகவே குளிசையை நிறுத்திவிட்டார். இம்முறை ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினார். "நான் போனா நெல்ல எடுத்துருவானுகள்" என்றார் மச்சான். உம்மா தண்ணீர் ஓதிக் கொடுத்தார். மச்சான் அதைக் கொண்டுபோய் மாட்டுக்கு ஊற்றினார். மாடு நன்றாக நித்திரை கொண்டது.

நெல்லை எடுக்க யாரோ வருகிறார்கள் என்ற நினைப்பு நாளுக்கு நாள் முற்றியது. கடைசியில் பன்றிக்கும் யானைக்கும் என்று லைசன் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கைத் தூக்கிக்கொண்டு அவர் வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் தேநீர்க் கடையில் இருந்து, கண்டியில் நான் காணாத ஒரு பெரஹரா ஊர்வலத்தை மற்றவர்களுக்கு வர்ணித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த சிங்களச் சார்ஜன் ஒருவர் இறங்கினார். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய மீசை. அவருக்குத் தமிழில் சில சொற்கள்தான் தெரியும். வழக்கமாக அவருக்கு மொழிபெயர்க்கும் பாண்டிருப்புக் கொன்ஸ்டபிள் அன்றைக்கு வழக்கொன்றுக்குக் கல்முனைக் கோட்டுக்குப் போயிருந்தார். சார்ஜன் கடைக்குள் தலையை நீட்டி, "சிங்களம் தெரிஞ்ச ஆள்?" என்றார்.

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "இந்தா நிக்கான் மாத்தையா. சிங்களத்துல இவன அடிக்க ஆளில்ல."

கடையிலிருந்த எல்லா விரல்களும் என்னை நோக்கித் திரும்பின. எனக்குப் பின்னால் வேறு எவராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் நின்றது.

ஜீப்பின் பின்பக்கத்தில் வட்டவிதானை உட்கார்ந்திருந்தார். வயல் வட்டைக்குப் பொறுப்பான மனுசன், தண்ணீர்ப் பங்கும் வரம்புச் சண்டையும் தீர்ப்பவர். அவர்தான் சைக்கிளை மிதித்துப் போய்ப் பொலிசில் சொல்லியிருந்தார். கொன்ஸ்டபிள்மார் இரண்டு பேர். ஜீப்பை ஓட்டிவந்தவர் வயதாளி, வாய் நிறைய வெற்றிலை. விதானைக்கு எதிரே இருந்த மற்றவன் பயிற்சி முடித்து இப்போதுதான் வந்தவன். அவன் மடியில் ரைபிளை வைத்து அதற்குத் தோட்டா ஏற்றிக்கொண்டிருந்தான். ஏற்றியதை இறக்கித் திரும்பவும் ஏற்றினான்.

"ஆருக்கு இது விதானையார்?" என்று கேட்டேன்.

"ஒண்ட மச்சானுக்குத்தான் மனே. துவக்கோட சூட்டுக்கு மேல ஏறி நிக்காரு. ட்ரக்டர்காரன மெசினுக்குக் கீழேயிருந்து வெளிய வர உடுறாரில்ல. வானத்தப் பாத்து ஒரு வெடியும் வெச்சிட்டாரு."

வெட்டிய கதிரைக் களத்தில் வீடளவுக்குக் குவித்து வைப்பதைத்தான் நாங்கள் சூடு என்போம்.

"சுட்டுருவானுகளா?"

"துவக்க எறக்கல்லாட்டி சுடத்தான் செய்வானுகள். அவனுகளும் உசிரோட வீட்ட போகணுமே."

முன்னாலிருந்த சார்ஜன் திரும்பி என்னிடம் மெதுவாகச் சில வார்த்தைகள் சொன்னார். எனக்கு இலக்கணம் எதுவும் விளங்கவில்லை. ஆனால் அவர் விரல் முதலில் துவக்குப் பிடிப்பதுபோல் நீண்டது, பிறகு நிலத்தைக் காட்டியது, பிறகு அந்த இளம் கொன்ஸ்டபிளைக் காட்டியது. மச்சான் துவக்கைக் கீழே போட வேண்டும். இந்தப் பிள்ளைகளை நோக்கித் திருப்பினால் அவர் உயிர் போய்விடும். இதை மச்சானுக்குத் தமிழிலும், மச்சான் சொல்வதைச் சார்ஜனுக்குச் சிங்களத்திலும் எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். வழிநெடுக எனக்குத் தெரிந்த சிங்கள வசனங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் துணி இருந்தது.

வயலில் எங்களுக்கு முன்பே ராத்தா வந்திருந்தார். சோற்றுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு வரம்பில் குந்தியிருந்தார். அங்கால் களவெட்டி. வெட்டிக் கூட்டி மெழுகிய களத்தின் ஒரு பக்கத்தில் சூடடித்துத் தூற்றிய நெல் குவியலாகக் கிடந்தது. மறுபக்கத்தில் இன்னும் அடிக்காத பெரிய சூடு. அதன் உச்சியில் மச்சான். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாய் சுற்றி, கையில் துவக்கோடு நின்றார். களத்தின் நடுவில் வாடகை ட்ரக்டர் நின்றது. அதற்கடியிலிருந்து சாரதியின் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"ராத்தா, இறங்கிறாரில்லையா?"

"நான் கூப்பிட்டா என்னையும் கள்ளன் எண்டாரு. தம்பி, நீ அவனுகளுக்குச் சொல்லு. என்னத்தச் செய்தாலும் சுட மட்டும் வேணாமெண்டு சொல்லு. அவரு ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யமாட்டாரு, அந்த வருத்தம், நோய்தான் செய்யுது."

சார்ஜன் என் தோளில் கை வைத்து என்னை முன்னுக்குத் தள்ளினார். மொழிபெயர்ப்பாளன் முன்னால் நிற்பதுதான் முறையாம். நான் களத்தில் ஒரு காலை வைத்தேன்.

"ஆருடா அது சப்பாத்தோட?" உச்சியிலிருந்து குரல் வந்தது.

"மச்சான், நான்தான்!"

"நீயா? கழட்டுடா! களவெட்டிக்குள்ள செருப்போட வரக் கூடாதெண்டு ஒண்ட வாப்பா ஒனக்குச் சொல்லித் தரல்லயா? கழட்டுடா, இல்லாட்டிக் காலோட சேத்துக் கழட்டுவன்!"

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துவக்கை விட்டுவிட்டால் அவர் சொன்னது முழுக்கச் சரி. களவெட்டிக்குள் யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு போகக் கூடாது, போனால் நெல்லின் பறக்கத், அதன்மேல் உள்ள இறையருள், போய்விடும். 'பிஸ்மி' சொல்லி வெறுங்காலோடுதான் மிதிக்க வேண்டும். எருமை கட்டிச் சூடடித்த காலத்தில் எல்லாரும் அதைக் கட்டாயமாகப் பார்த்தார்கள். ட்ரக்டர் வந்த பிறகு ஒவ்வொருவராக மறந்தோம். மச்சான் மட்டும் மறக்கவில்லை. வெட்டு தொடங்கிய நாளிலிருந்து கூலிக்காரர்களிடமும் ட்ரக்டர்காரனிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒருவரும் காதில் போடவில்லையாம்.

நான் கழற்றத்தான் முயன்றேன். பெல்பொட்டம் சப்பாத்தை மூடிக்கொண்டு கிடந்தது. அதைத் தூக்கினால் சப்பாத்து நாடா இறுகி முடிச்சாகிவிட்டிருந்தது. ஒற்றைக் காலில் நின்று அதை இழுத்தபோது, மாத்தளைக் கடைத்தெருவில் என்னை உயரமாக்கிக் காட்டிய குதி இங்கே என்னைக் கவிழ்த்துவிட்டது. ஒரு சப்பாத்து கையோடு வந்தது. கதிர் வெட்டிய கட்டைகளுக்குள் நான் மல்லாந்து கிடந்தேன்.

நான் சுடப்பட்டுவிட்டேன் என்று அந்த இளம் கொன்ஸ்டபிள் நினைத்துவிட்டான். வெடிச் சத்தம் கேட்காததைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. பூட்ஸோடு களத்துக்குள் பாய்ந்தான். மச்சானின் துவக்கு அவனை நோக்கித் திரும்பியது. அவனுடைய ரைபிளும் மேலே உயர்ந்தது.

"சுட வேணாமெண்டு சொல்லுடா!" ராத்தா கத்தினார்.

நிலத்தில் கிடந்தபடியே, கையில் ஒற்றைச் சப்பாத்தை ஆட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்:

"எடுக்காவிட்டாலும் பரவாயில்லை! சும்மா பாருங்க! ஆறுதலாகப் பாருங்க! சாயம் போகாது!"

எல்லாம் ஒரு கணம் நின்றது. கொன்ஸ்டபிள் ரைபிளோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். வயதாளி கொன்ஸ்டபிளுக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. மச்சானுக்கு நான் கத்தியது ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அவரும் ஆச்சரியமாக என்னைத்தான் பார்த்தார்.

சார்ஜன் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டது எனக்கு விளங்கியது. நான் என் சப்பாத்தைக் காட்டினேன், அவருடைய பூட்ஸைக் காட்டினேன், களத்தைக் காட்டினேன், நெல்லைக் காட்டினேன், இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன்.

"கமத?" என்றார் அவர். களவெட்டிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அவர் தன் காலுக்குக் கீழே இருந்த மெழுகிய நிலத்தைப் பார்த்தார். சுடுநெருப்பை மிதித்தவர்போல் சட்டென்று பின்வாங்கி வரம்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். கழற்றிக்கொண்டே கொன்ஸ்டபிள்மாரைப் பார்த்து உறுமினார். ரைபிளும் பூட்ஸும் வரம்புக்கு வர வேண்டும் என்பது அந்த உறுமல். இளம் கொன்ஸ்டபிள் ஏதோ மறுத்துச் சொன்னான். சார்ஜன் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிப் பேசினார். பிறகு பாண்டிருப்புக் கொன்ஸ்டபிள் மூலம் அந்தப் பேச்சை நான் கேட்டறிந்தேன்: "நானும் வயல்காரன் மகன். என் அப்பா இருந்திருந்தால் இந்தப் பூட்ஸைக் கண்டதும் எருமைக் கயிற்றால் விளாசியிருப்பார்."

பிற்காலத்தில் எங்கள் வயல்களுக்குத் துவக்கோடு பல வகையான ஆட்கள் வந்தார்கள். ஒருவரும் வரம்பில் உட்கார்ந்து எதையும் கழற்றவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பெரிய மனுசன் வயிற்றை மடித்துக் குனிந்து நாடா அவிழ்த்தது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

வெறுங்காலோடு பொலிஸ் நடப்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை. இளம் கொன்ஸ்டபிள் கழற்றிப் போட்ட காலுறையில் பெருவிரல் அளவுக்கு ஓட்டை இருந்தது. கதிர்க் கட்டை குத்த, கொதிக்கும் மணலில் கொக்கு நடப்பதுபோல் அவன் நடந்தான். சார்ஜன் களத்தின் ஓரத்தில் நின்று, குனிந்து, நிலத்தைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் நெற்றியில் வைத்தார்.

மச்சானின் துவக்கு கொஞ்சம் தாழ்ந்தது.

"பாத்தியாடா மச்சான்," என்றார் என்னிடம். "அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிரிக்கி. ஒனக்குத் தெரியல்ல." பிறகு துவக்கு முனையால் ட்ரக்டரைக் காட்டினார். "அதுட சப்பாத்த ஆரு கழட்டுற?"

ட்ரக்டரின் நான்கு டயர்களும் களத்தில் பதிந்து நின்றன. இதைச் சார்ஜனுக்கு எப்படிச் சொல்வது? டயரைத் தொட்டேன், என் காலைத் தொட்டேன், மச்சானைக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மீசையைத் தடவி யோசித்துவிட்டு, "சரி, வெளியே எடு" என்று கையால் காட்டினார்.

ட்ரக்டருக்கடியிலிருந்து சாரதியின் குரல் வந்தது. "நான் வரமாட்டன்! ஏறினா சுடுவாரு!"

"ஒன்னச் சுடமாட்டன்டா," என்றார் மச்சான் மேலிருந்து. "ட்ரக்டரத்தான் சுடுவன்."

"காக்கா, அது மாமனாருட ட்ரக்டர்! அதுக்கு நீங்க என்னையே சுட்டுருங்க!"

கடைசியில் வட்டவிதானை போய் அவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். அவன் ஏறி உட்கார்ந்து, தலையைத் தோளுக்குள் புதைத்தபடி, பின்னால் பார்க்காமலே ட்ரக்டரைப் பின்னுக்கு எடுத்தான். களம் தாண்டி, வரம்பு தாண்டி, பொலிஸ் ஜீப்பின் முன் பம்பரில் போய் இடித்து நின்றான். விளக்குக் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. சார்ஜன் திரும்பியே பார்க்கவில்லை. மச்சானின் முகத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

ஆனால் மச்சான் இறங்கவில்லை. துவக்கும் கையில்தான் இருந்தது. வெயில் ஏறியது. நான் "மச்சான், இறங்குங்க" என்றேன். "நீ வாய மூடு" என்றார். விதானை கூப்பிட்டார். "நீயும் அவனுகள்ள ஒருத்தன்தான்" என்றார். திரும்பவும் அவருடைய வாய் ஓடத் தொடங்கியது. ஆற்றைப் பற்றி, மூட்டையைப் பற்றி, இரவில் நெல்லை அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி. பேசப் பேசத் துவக்கின் முனையும் ஏறிக்கொண்டே போனது. வரம்பில் கிடந்த ரைபிளுக்கும் தனக்கும் எவ்வளவு தூரம் என்று இளம் கொன்ஸ்டபிள் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் ராத்தா எழுந்தார். "தம்பி, மாத்தையாவ உள்ளுக்கு வந்து நெல்லுக்குப் பக்கத்துல இரிக்கச் சொல்லு."

"என்னத்துக்கு?"

"களத்துக்கு வந்தவன வெறுங்கையோட அனுப்பினா இவருக்குச் சோறு எறங்காது. எவ்வளவு வருத்தம் வந்தாலும் அது இவர உட்டுப் போகாது. இரிக்கச் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் ராத்தாவே சார்ஜனைப் பார்த்து, நெற்குவியலைக் காட்டி, இரண்டு கைகளையும் ஏந்திக் காட்டினார். அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. என்னுடைய மாத்தளை அனுபவம் முழுவதும் அந்த ஓர் ஏந்தலுக்கு முன்னால் செல்லாக்காசாகிவிட்டது. சார்ஜன் குவியலுக்குப் பக்கத்தில் போய்ச் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்து, பாத்திரம்போல் மேலே நீட்டினார்.

மச்சானின் பேச்சு பாதியில் நின்றது. அந்தத் தொப்பியைப் பார்த்தார். அறுவடைக் களத்தில், அவருடைய நெல்லுக்கு முன்னால், ஒரு மனுசன் வெறுங்காலோடு ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கொடுக்காமல் நிற்க அவரால் முடியவில்லை. "பொறுங்க, பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே சூட்டிலிருந்து சறுக்கி இறங்கினார். மரக்காலை எடுத்தார். மரக்காலால் அள்ளிக் கொட்ட இரண்டு கையும் வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் நான் நின்றேன்.

"இந்தா, புடி. சும்மாதானே நிக்காய்."

துவக்கை என் கையில் திணித்துவிட்டு நெல் அள்ளப் போய்விட்டார்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் நான் துவக்குப் பிடித்ததில்லை. அதன் குதிரை சுடுவதற்கு இழுத்தபடி நின்றது. ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்று கொன்ஸ்டபிள்மாருக்குச் சொல்லத் திரும்பினேன். குழலும் என்னோடு திரும்பியது. வயதாளி கொன்ஸ்டபிள் வெற்றிலையோடு குப்புற விழுந்தார். மன்னிப்புக் கேட்க இந்தப் பக்கம் திரும்பினேன். விதானை வாய்க்காலுக்குள் பாய்ந்தார். இளம் கொன்ஸ்டபிள் ரைபிளை எடுத்துவிட்டான். இப்போது அந்த வட்டையில் ஆயுதத்தோடு, நடுங்கிக்கொண்டு, யார் சொன்னாலும் விளங்காத நிலையில் நின்ற ஒரே ஆள் நான்தான். ஒற்றைக் காலில் சப்பாத்து வேறு.

சார்ஜன் அசையவில்லை. தொப்பியை ஏந்தியபடியே, மச்சான் அதற்குள் நெல்லைக் கொட்டிக்கொண்டிருக்க, தனக்குத் தெரிந்த தமிழைப் பொறுக்கி எடுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் என்னிடம் சொன்னார்: "தம்பி. பயம் வேணாம். மெள்ள. மேல பிடி. மெள்ள."

மச்சானும் திரும்பிப் பார்த்தார். "என்னடா நடுங்குறாய்? வானத்தப் பாத்துப் புடிடா, ஆக்கள் நிக்காங்க!" பிறகு சார்ஜனிடம், இரண்டு பெரிய மனுசர் கதைக்கிற தோரணையில், "கோவிக்காதீங்க மாத்தையா. மாத்தளைக்குப் போய் வந்த நாள் தொட்டு இவனுக்கு மண்டை கொஞ்சம் சரியில்ல" என்றார்.

ராத்தா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். துவக்கை வாங்கிக் குதிரையைத் தாழ்த்தி, அதை மடித்துத் தோட்டாவை உருவி வாய்க்காலில் எறிந்தார். துவக்கைக் கொண்டுபோய்ச் சார்ஜனின் முழங்காலடியில் வைத்தார். வாய்க்காலுக்குள் இருந்த விதானை, "எனக்கு மேல எறியாதகா!" என்றார்.

இளம் கொன்ஸ்டபிள் கைவிலங்கோடு வந்தான். சார்ஜன் அதை வாங்கித் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவனுடைய தொப்பியையும் கழற்றி நீட்டச் சொன்னார். அதையும் மச்சான் நிரப்பினார். பிறகு சார்ஜன், தான் மச்சானின் களத்துக்கு வந்ததுபோல மச்சானும் தன் ஜீப்பில் வந்து ஏற வேண்டும் என்று சைகையால் கேட்டார். ராத்தா, "ஆசுபத்திரிக்குத்தான். நானும் வாறன்" என்றார்.

"நெல்ல ஆரு பாக்கிற?" மச்சானின் குரல் திரும்பவும் உயரப் பார்த்தது.

சார்ஜன் இளம் கொன்ஸ்டபிளின் தோளில் கை வைத்தார். மச்சான் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் பாதங்களைக் கூடுதலாகப் பார்த்தார்.

"இவனா? காகமும் பயப்படாது."

ஆனாலும் ஒப்புக்கொண்டார். தன் தலைத் துவாயை அவிழ்த்துக் கொன்ஸ்டபிளின் தலையில் சுற்றிக் கட்டிவிட்டார். அவன் அன்றைக்கு மாலைவரை, வெறுங்காலோடு, தலைப்பாகையோடு, ராத்தா கொண்டுவந்த சோற்றைத் தின்றுகொண்டு எங்கள் நெல்லுக்குக் காவல் இருந்தான். அந்த வட்டையில் ஒரு மணி நெல்லும் காணாமல் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய கதையில்லை. மச்சான் சில கிழமைகள் ஆஸ்பத்திரியில் இருந்தார். குளிசையைத் தன் கையாலேயே கொடுக்கும் பொறுப்பை ராத்தா எடுத்துக்கொண்டார். வயல் காவலுக்கு வேறு ஆள் பிடித்தார்கள். துவக்கு திரும்பி வரவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சுகமாகி வந்த மச்சான் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து "உப்பு" என்றபோது உம்மா அழுதுவிட்டார். எனக்கு நினைவில் நிற்பது ஜீப் பயணம்தான்.

வயதாளி கொன்ஸ்டபிள் ஓட்டினார். முன்னால் சார்ஜன், மடியில் நெல் நிறைந்த தொப்பி. பின்னால் நான், நடுவில் மச்சான், அங்கால் ராத்தா. வட்டையை விட்டு வெளிக்கிட்டபோது மச்சான் உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். தாம்போதியில், நீருக்கு மேலாகப் போகும் அந்தத் தாழ்ந்த பாதையில், காற்று அடித்தபோது குரல் இறங்கியது. பிறகு வசனங்கள் சொற்களாயின. கல்முனைக் கடைத்தெருவுக்குள் ஜீப் நுழைந்தபோது அவருடைய தலை என் தோளில் விழுந்தது. ஏதோ ஆகிவிட்டது என்று நான் பதறினேன். ராத்தா அவர் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அசையாதடா" என்றார். "நித்திரையாப் போயிட்டாரு."

சார்ஜன் திரும்பிப் பார்த்தார். ஹோர்ன் அடிக்கப் போன கொன்ஸ்டபிளின் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தைக்கு முன்னால் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் பொலிஸ் ஜீப் பேசாமல் ஊர்ந்து போனது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினோம். ஒருவரும் இறங்கவில்லை. உடைந்த விளக்கோடு, உள்ளே நான்கு பேர் மூச்சடக்கி இருக்கிற பொலிஸ் ஜீப்பைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, கடைசியில் ஒரு டொக்டரே வெளியே வந்தார். பின்பக்கத்தில் எட்டிப் பார்த்தார். ஒரு மனுசன் பச்சைக் குழந்தைபோல் உறங்குகிறார். பக்கத்தில் இன்னொருவன் தலையெல்லாம் வைக்கோல், முகமெல்லாம் சேறு, ஒரு காலில் குதி உயர்ந்த சப்பாத்து, மறு கால் வெறுமை, உடம்பு இன்னும் நடுங்குகிறது. டொக்டர் மிகவும் அன்பாகப் புன்னகைத்து, என் கையைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினார்.

"பயப்படாதீங்க தம்பி," என்றார். "நாங்க பாத்துக்குவம்."

"அவன் இல்ல டொக்டர்," என்றார் ராத்தா மெதுவாக. "அவனப் பொறகு பாருங்க. வருத்தக்காரர் இவரு. இப்பதான் கண்ணசந்தவரு, கொஞ்சம் பொறுத்து எழுப்புங்க."